ஃபார்மட் போடுவதற்கு முன்னால்: கோப்புகள் பழுதாகி எழாத விண்டோஸ் கணினி

நீங்கள் கேட்டது இது. விண்டோஸ் 11 லேப்டாப்பில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆன் செய்தால் ஆட்டோமேட்டிக் ரிப்பேர் என்று வட்டம் சுற்றுகிறது. கடைசியில் சரிசெய்ய முடியவில்லை என்று சொல்லி நீலத்திரையில் நின்றுவிடுகிறது. உள்ளே ஆய்வேடும் பல வருடப் புகைப்படங்களும் இருக்கின்றன. பார்த்தவர்கள் எல்லோரும் ஃபார்மட் போடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

உண்டு. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கெட்டிருப்பது விண்டோஸின் சொந்தக் கோப்புகளில் சில. ஆய்வேடும் படங்களும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் எதைத் தொடுவதற்கு முன்பும் அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், பழுதுபார்க்கும் கருவிகள் பெரும்பாலும் டிஸ்க்கில் எழுதுபவை. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அது உதவி. டிஸ்க்கே நோய்ப்பட்டிருந்தால், ரிப்பேர் என்ற பெயரில் நாம் எழுதும் ஒவ்வொன்றும் மிச்சமிருப்பதையும் அழிக்கக்கூடும். எந்த நிலை என்பது இப்போது நமக்குத் தெரியாது. சார்ஜரை மாட்டிக்கொண்டு தொடங்குங்கள், நடுவில் கழற்ற வேண்டாம்.

முதலில், கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனிப்பது. பவர் பட்டனை அழுத்தியதும் தாய்ப்பலகையில் உள்ள ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரல் விழிக்கிறது. அது டிஸ்க்கின் ஒரு சிறிய பகுதியிலிருந்து பூட் மேனேஜரை எடுக்கிறது. பூட் மேனேஜர், பிசிடி என்ற சிறு தரவுத்தளத்தைப் படித்து விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று அறிந்து, லோடரை அழைக்கிறது. லோடர், விண்டோஸின் மையமான கெர்னலையும், அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் சிஸ்டம் பகுதியையும், டிஸ்க்கைப் படிப்பதற்கான டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. வட்டம் சுற்றத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

லோகோவே வரவில்லை, பீப் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் கோப்புகளைத் தேடிப் பயனில்லை, அது வன்பொருள் பிரச்சினை. லோகோ வந்து, பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரையில் எழுத்து வந்தால், மாட்டியிருக்கும் பென் டிரைவ்களைக் கழற்றிவிட்டு, ஃபர்ம்வேர் அமைப்புக்குள் போய் டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லையென்றால் எந்தக் கட்டளையும் உதவாது. பெயர் இருந்து, பிசிடி பற்றிய பிழை வந்தால் பூட் பகுதி மட்டும் பழுது. இது எளிதில் சரியாகும். வட்டம் சுற்றிய பிறகு நீலத்திரை வந்தால் பழுது விண்டோஸுக்குள். அங்கே 'அன்மௌண்டபிள் பூட் வால்யூம்' என்று வந்தால் சந்தேகம் கோப்பு முறைமையின் மேல், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாட்டின் மேல். 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்றால் டிஸ்க் டிரைவரின் மேல் அல்லது பாதியில் நின்ற அப்டேட்டின் மேல். உங்களுடையது இந்தக் கடைசி வகை என்றே நினைக்கிறேன்.

பாதியில் மின்சாரம் போனால் கோப்பு ஏன் கெடுகிறது என்று தெரிந்துகொண்டால் பிற்பாடு செய்வது புரியும். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. எந்தக் கோப்பு எங்கே, என்ன அளவு என்ற விவரத்தை மாற்றுவதற்கு முன் அதில் எழுதிக்கொள்ளும். திடீரென்று அணைந்தாலும் அடுத்த முறை அதைப் பார்த்து அடுக்கைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அந்தக் குறிப்பேடு காப்பது விவரத்தை மட்டும்தான், கோப்பின் உள்ளடக்கத்தை அல்ல. அதனால் கோப்பு அதே பெயரில், சரியான அளவில் இருக்கும். உள்ளே வெறும் பூஜ்யங்களாக இருக்கலாம். 'ஃபைல் இருக்கிறதே, பிறகு ஏன் கரப்ட் என்கிறது' என்று பலர் குழம்புவது இங்கேதான்.

இனி மீட்புத் திரைக்குள் போவது. உங்கள் கணினி தானாகவே அங்கே வந்து நிற்கிறது. 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' அழுத்தினால் போதும். தானாக வராத கணினிகளில், விண்டோஸ் தொடங்குவது அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றால் மீட்புத் திரை வரும். அதற்காக வட்டம் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கச் சொல்வார்கள். டிஸ்க்கின் மேல் சந்தேகம் இருந்தால் நான் அதைச் செய்யமாட்டேன். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் விண்டோஸ் நிறுவல் யூஎஸ்பி தயாரித்து, அதிலிருந்து பூட் செய்து, 'ரிப்பேர்' என்ற இணைப்பைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது. பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றை எடுங்கள். பின்னால் இன்னொரு வேலைக்கும் இது தேவைப்படும்.

இங்கே பலர் எதிர்பாராமல் மாட்டிக்கொள்வது பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டில். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் ஏற்கெனவே பூட்டியே வரும், உரிமையாளருக்கே தெரியாது. மீட்புத் திரையிலிருந்து டிஸ்க்கைத் திறக்க 48 இலக்கச் சாவி கேட்கும். அமைக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனில் கணக்குக்குள் போய்ப் பார்க்கலாம். அலுவலகக் கணினி என்றால் நிர்வாகியிடம் இருக்கும். சாவி கிடைக்கவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் ஒரு படம்கூட வராது. ஆகவே வேறு எதையும் தொடங்குவதற்கு முன் சாவியைத் தேடி ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இப்போது கோப்புகளை எடுப்பது. எனக்கு மிகவும் பிடித்த வழி நோட்பேட். 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று போய், நோட்பேட் என்று தட்டி என்டர் அழுத்துங்கள். அதில் ஃபைல் மெனுவில் ஓப்பன் அழுத்தி, கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் அந்தச் சிறு சாளரமே ஒரு எக்ஸ்ப்ளோரர் ஆகிவிடும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரைத் திறந்து, வேண்டியதை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, வெளியே மாட்டிய டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். எவ்வளவு ஆயிற்று என்று காட்டாது; உறைந்துவிட்டதுபோலத் தெரியும். பொறுமையாக விட்டுவிடுங்கள், முடிந்ததும் தானே பதில் தரும்.

புகைப்படங்கள் நிறைய என்றால் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி நல்லது. கட்டளைகளை இங்கே தமிழில் உச்சரிப்பாகத் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

ரோபோகாப்பி டி:\யூசர்ஸ் இ:\மீட்பு /இ /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1

இதில் டி உங்கள் விண்டோஸ் இருக்கும் டிரைவ், இ வெளியே மாட்டிய டிஸ்க். 'மீட்பு' என்ற இடத்தில் நீங்கள் விரும்பும் ஃபோல்டர் பெயர். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஒரு கோப்பைப் படிக்க முடியாவிட்டால் 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயல்வது ரோபோகாப்பியின் இயல்பு. பழுதான ஒரே ஒரு படத்தில் அது நாள்கணக்கில் நின்றுவிடும். மேலே சொன்னபடி தந்தால் ஒருமுறை முயன்றுவிட்டு அடுத்ததற்குப் போகும். நகலை வாங்கிக்கொள்ளும் டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறைமையில் இருந்தால் 4 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள வீடியோக்கள் ஏறாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே நான் டி என்று எழுதியதைக் கவனித்தீர்களா? மீட்புத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறிப்போகும். வழக்கமாக சி என்றிருப்பது அங்கே டி ஆகலாம், இ ஆகலாம். எக்ஸ் என்று காட்டுவது மீட்புத் திரை தனக்காக நினைவகத்தில் உருவாக்கிக்கொண்ட தற்காலிக டிரைவ், உங்கள் டிஸ்க் அல்ல. டிஸ்க்பார்ட் என்று தட்டி, அதற்குள் 'லிஸ்ட் வால்யூம்' என்று கேட்டால் அளவுகளோடு பட்டியல் வரும். லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கில் பெரிய என்டிஎஃப்எஸ் பகுதி எதுவோ அதுதான் பெரும்பாலும் உங்கள் விண்டோஸ். பார்த்தவுடன் 'எக்ஸிட்' கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். டிஸ்க்பார்ட்டுக்குள் 'கிளீன்' என்ற கட்டளை எதையும் கேட்காமல் டிஸ்க்கின் பகுதிப் பட்டியலையே துடைத்துவிடும். இணையத்தில் பார்த்து அதைத் தட்டி எல்லாவற்றையும் இழந்தவர்கள் உண்டு. இனி வரும் கட்டளைகளிலும் டி என்று இருக்குமிடத்தில் உங்களுக்குக் கிடைத்த எழுத்தைப் போடுங்கள்.

கோப்புகளை எடுக்கும்போதே டிஸ்க்கின் உடல்நிலை தெரிந்துவிடும். சீராக நகல் ஆனால் நிம்மதி. அடிக்கடி நின்று நின்று போனால், பல கோப்புகள் படிக்கவே முடியாவிட்டால், சுழலும் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். சத்தம் வரும் டிஸ்க்கை ஓட்டவே கூடாது. தரவு மதிப்புள்ளது என்றால் மீட்பு நிபுணரிடம்தான் போக வேண்டும். சத்தமில்லாமல் படிக்கத் தடுமாறும் டிஸ்க்குக்கு, நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில் (லைவ் யூஎஸ்பி) டிடிரெஸ்க்யூ என்ற கருவி உண்டு. நல்ல பகுதிகளை முதலில் முழுதாக எடுத்துவிட்டுக் கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பிவரும், எது முடிந்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்தும் வைக்கும். நகல் எடுக்கும் டிஸ்க் அதே அளவாவது இருக்க வேண்டும்.

ஆய்வேடு வெளியே வந்துவிட்டதா? வேறொரு கணினியில் திறந்து பாருங்கள், பெயர் மட்டும் வந்திருந்தால் போதாது. பிறகு பழுதுக்கு வருவோம்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது, அதே அட்வான்ஸ்டு பட்டியலில் உள்ள 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. அதில் கடைசி 'குவாலிட்டி அப்டேட்'டை நீக்கச் சொல்லுங்கள். அது தோற்றால் கமாண்ட் பிராம்ப்டில்:

டிஸ்ம் /இமேஜ்:டி:\ /கிளீனப்-இமேஜ் /ரிவர்ட்பெண்டிங்ஆக்‌ஷன்ஸ்

பாதியில் தொங்கும் அப்டேட் வேலைகளைத் திரும்பப் பெறச் சொல்லும் கட்டளை இது. கணினி எழாத நிலையில் பயன்படுத்துவதற்காகவே இருப்பது. ரீஸ்டார்ட் ஆனதும் மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன் என்று நெடுநேரம் நிற்கலாம். அந்த நேரத்தில் அணைத்தால் முதல் விபத்தையே மறுபடி செய்ததாகிவிடும்.

அதற்கும் அசையவில்லை என்றால் 'சிஸ்டம் ரிஸ்டோர்' பாருங்கள். பழைய மீட்புப் புள்ளி இருந்தால் ரெஜிஸ்ட்ரியும் டிரைவர்களும் அந்த நாளுக்குத் திரும்பும், ஆவணங்களைத் தொடாது. பல கணினிகளில் இந்த வசதி அணைத்தே இருக்கும், அப்போது புள்ளி எதுவும் காட்டாது. இந்த இடத்தில் ஒரு பழைய யோசனையைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். ரெஜிஸ்ட்ரி கெட்டால் ரெக்பேக் ஃபோல்டரிலிருந்து நகலெடுத்துப் போடு என்று இன்றும் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு முதல் விண்டோஸ் அங்கே தானாக நகல் வைப்பதில்லை. கோப்புகள் 0 கேபி அளவில் வெறுமையாக இருக்கும். வெறுமையான கோப்பை எடுத்து உண்மையான ரெஜிஸ்ட்ரியின் மேல் போட்டால் மிச்சமும் போயிற்று. அளவைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

அடுத்து, ஆட்டோமேட்டிக் ரிப்பேர் தோற்றாலும் எதனால் தோற்றது என்று எழுதி வைத்திருக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் லாக்ஃபைல்ஸ், அதற்குள் எஸ்ஆர்டி என்று போனால் எஸ்ஆர்டிட்ரெய்ல் என்ற உரைக்கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்து கடைசிப் பகுதியைப் படியுங்கள். பூட்டுக்கு அவசியமான இன்ன கோப்பு கெட்டிருக்கிறது என்று பெயரோடு சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பெயர் விண்டோஸுடையதாக இல்லாமல், நீங்கள் நிறுவிய ஆன்டிவைரஸ் போன்ற ஒன்றின் டிரைவராக இருந்தால், அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக 4ஆம் எண்ணை அழுத்தி சேஃப் மோடில் எழுகிறதா என்பதும் நல்ல சோதனை. அதில் எழுந்தால் குற்றம் பெரும்பாலும் வெளியார் டிரைவர் அல்லது நிரலில் இருக்கும்.

ஒரே ஒரு கோப்பு இவ்வளவு செய்யுமா என்ற சந்தேகம் வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான ஒரு கோப்பால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. டிஸ்க் எதுவும் கெடவில்லை, அதற்காக ஃபார்மட் போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சேஃப் மோடிலோ மீட்புத் திரையிலோ போய் அந்த ஒரு கோப்பை நீக்கியதும் எழுந்தன. பிட்லாக்கர் சாவி கையில் இல்லாதவர்கள்தான் அன்று அதிகம் தவித்தார்கள்.

குறிப்பாக எந்தப் பெயரும் கிடைக்காவிட்டால் முறைப்படி போவோம். முதலில் அடித்தளம், அதாவது கோப்பு முறைமை. அதன் மேல்தான் கோப்புகள். ஆகவே செக்டிஸ்க் முதலில். தட்டும்போது சி, எச், கே, டி, எஸ், கே என்ற ஆறெழுத்து. டிரைவ் எழுத்தை மட்டும் கொடுத்தால் பார்த்துச் சொல்லும், எதையும் மாற்றாது. பிழை காட்டினால் /எஃப் சேர்த்து ஓட்டுங்கள். /ஆர் சேர்த்தால் டிஸ்க் முழுவதையும் படித்துக் கெட்ட இடங்களைத் தேடும், பல மணி நேரம் ஆகலாம். கோப்புகளை வெளியே எடுக்காமல் இதை ஓட்டக் கூடாது. செக்டிஸ்க் உரிமையாளர் தெரியாத துண்டுகளைக் கண்டால் ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் போடும். ஏதாவது காணாமல் போனால் அங்கேயும் தேடுங்கள்.

அடுத்தது விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்ப்பது:

எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் /ஆஃப்பூட்டிஐஆர்=டி:\ /ஆஃப்விண்டிஐஆர்=டி:\விண்டோஸ்

இதில் 'டிஐஆர்' என்பது டி, ஐ, ஆர் என்ற மூன்றெழுத்து. பின்னால் வரும் இரண்டு பகுதிகளையும் விட்டுவிட்டு வெறும் ஸ்கேன்நவ் மட்டும் தட்டுவதால்தான் பலருக்கு 'ரிப்பேர் நிலுவையில் இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்' என்ற பதில் திரும்பத் திரும்ப வருகிறது. எந்த விண்டோஸைச் சோதிக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

எஸ்எஃப்சி நல்ல நகலை எடுப்பது அதே டிஸ்க்கில் உள்ள வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற சேமிப்பிலிருந்து. அப்டேட் எழுதுவதும் அந்தச் சேமிப்பில்தான். உங்களைப்போல நடுவில் அணைந்தால் அதுவே கெட்டிருக்கலாம். அப்போது எஸ்எஃப்சி கெட்ட கோப்புகளைக் கண்டுபிடிக்கும், ஆனால் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று கைவிரிக்கும். நல்ல நகலை வெளியிலிருந்து தர வேண்டும். நிறுவல் யூஎஸ்பி தேவைப்படும் என்று சொன்னது இதற்கு. எஃப் என்பது யூஎஸ்பி என்றால்:

டிஸ்ம் /இமேஜ்:டி:\ /கிளீனப்-இமேஜ் /ரிஸ்டோர்ஹெல்த் /சோர்ஸ்:விம்:எஃப்:\சோர்ஸஸ்\இன்ஸ்டால்.விம்:1

யூஎஸ்பியில் இருப்பது இன்ஸ்டால்.ஈஎஸ்டி என்றால் இரண்டு இடத்திலும் விம் என்பதை ஈஎஸ்டி ஆக்குங்கள். கடைசி எண் உங்கள் விண்டோஸ் ஹோமா, புரோவா என்பதைப் பொறுத்து மாறும். யூஎஸ்பியில் உள்ள பதிப்பும் உங்களுடையதும் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலக்கோப்பு கிடைக்கவில்லை என்று நிற்கும். இடம் போதவில்லை என்று சொன்னால், டி டிரைவில் ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி /ஸ்க்ராட்ச்டிஐஆர் என்று அதைக் காட்டுங்கள். இது முடிந்ததும் எஸ்எஃப்சியை இன்னொரு முறை ஓட்ட வேண்டும், சேமிப்பு சரியான பிறகுதான் அது முழுதாகப் பயன்படும்.

பிசிடி பிழையோடு நிற்கும் கணினிகளுக்கு இவ்வளவு தேவையில்லை. பூட் பகுதியைச் சரிசெய்யும் பூட்ரெக் கட்டளைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை ஃபர்ம்வேர் உள்ள கணினிகளில் அதன் ஃபிக்ஸ்பூட் பல நேரம் 'ஆக்ஸஸ் டினைட்' என்று திரும்பும், ஃபிக்ஸ்எம்பிஆர் பழைய முறை டிஸ்க்குக்கானது. டிஸ்க்பார்ட்டில் ஃபேட்32 என்று காட்டும் சில நூறு எம்பி பகுதிக்கு எஸ் என்று எழுத்து ஒதுக்கிவிட்டு, வெளியே வந்து இதைத் தட்டுங்கள்:

பிசிடிபூட் டி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

பூட் கோப்புகளைப் புதிதாகவே எழுதிவிடும். லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியை ஃபார்மட் செய்துவிட வேண்டாம், லினக்ஸின் பூட் கோப்புகளும் அங்கேதான் இருக்கும்.

இத்தனைக்கும் எழவில்லை என்றால் 'ரீசெட் திஸ் பிசி'யில் 'கீப் மை ஃபைல்ஸ்' தேர்ந்தெடுக்கலாம். ஆவணங்கள் நிற்கும், நிறுவிய நிரல்கள் போய்விடும். ஆவணங்களை ஏற்கெனவே எடுத்துவிட்டதால் இந்த இடத்தில் புதிதாக விண்டோஸ் போடுவதும் எனக்குச் சம்மதமே. ஒரு நாள் முழுக்க டிஸ்மோடு போராடிக் கிடைக்கும் அரைகுறை விண்டோஸைவிடப் புதியது நம்பகமானது. ஃபார்மட் வேண்டாம் என்று நான் தொடக்கத்தில் தடுத்தது ஆய்வேட்டுக்காகத்தான்.

எழுந்துவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். உங்கள் விஷயத்தில் காரணம் சார்ஜ் தீர்ந்தது என்று தெரிகிறது. ஆனாலும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற கருவியில் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே குறித்து வைப்பதைப் பாருங்கள். சுழலும் டிஸ்க் என்றால் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள் முக்கியம். முறையே மாற்றி ஒதுக்கப்பட்ட இடங்கள், சந்தேகத்தில் நிற்கும் இடங்கள், திருத்த முடியாத இடங்கள். மூல எண்கள் பூஜ்யமாக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எஸ்எஸ்டி என்றால் ஆரோக்கிய விழுக்காட்டையும் பிழை எண்ணிக்கையையும் பாருங்கள்.

டிஸ்க் சுத்தமாக இருந்தும் சில வாரங்களில் மறுபடி கோப்புகள் கெட்டால் ரேமைச் சந்தேகியுங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. டிஸ்க்குக்குப் போகும் எதுவும் ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால் தவறான தரவை டிஸ்க் மிகச் சரியாக எழுதி வைக்கும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற நிரலை யூஎஸ்பியில் போட்டு இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை மாற்றிவிட்டுத்தான் விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டும்.